நாற்காலியின் உயரம்

காலை எட்டரை. தெலுக் பஹாங் கடற்கரை.
விசில் ஒன்று, கயிறு இரண்டு சுருள்,
கண்கட்டும் துணி நாற்பது,
துவைத்ததுதான், பயப்படாதீர்கள்,
தொண்டை கட்டிய ஒலிபெருக்கி ஒன்று.
இவ்வளவுதான் என் தொழில்.

'குழு ஒற்றுமை வளர்க்கப்படும்' என்று
அட்டையில் அச்சடித்திருக்கிறேன்.
என் தம்பி என்னோடு பேசி
இரண்டு வருஷமாகிறது.
அதை அட்டையில் போடவில்லை.

பாயான் லெப்பாஸிலிருந்து பஸ் வந்தது.
பகல் ஷிஃப்டு இறங்கியது, பவுடர் பூசி.
இரவு ஷிஃப்டு இறங்கியது,
வேலை விட்ட கையோடு,
கண்ணுக்குள் ட்யூப்லைட் இன்னும் அணையாமல்.
ஒரே சட்டை, ஒரே சின்னம்,
மணலில் நின்றதோ இரண்டு ஊர்.

கோர் மேனேஜர் காதோரம் சொன்னார்:
"ரெண்டு ஷிஃப்டுக்கும் ஆகாது.
சரி பண்ணிடுங்க. மூணு மணிக்கு பஸ்."
மூன்று மணிக்கு!
நான் என்ன பல் டாக்டரா?

கயிறு இழுத்தார்கள். பகல் ஜெயித்தது.
"ராத்திரி முழுக்க முழிச்சிட்டு வந்து இழுங்க பார்ப்போம்"
என்றது இரவு. நியாயம்.
வளையத்துக்குள் நுழையச் சொன்னேன்.
முட்டி வலி என்று ரோஸ்னா அக்கா
மர நிழலுக்குப் போய்விட்டார். அதுவும் நியாயம்.
பின்னால் சாயுங்கள், பிடிப்பார்கள் என்றேன்.
ஒருவரும் சாயவில்லை.
பிடிக்க நின்ற கைகள்
கொசு அடித்துக்கொண்டிருந்தன.

பதினெட்டு வருஷமாய் எனக்குத் தெரியும்,
நம்பிக்கை விசிலுக்கு வராது.
ஆனாலும் ஊதினேன்.
இன்வாய்ஸ் அனுப்ப வேண்டுமே.

பிறகு மழை.
கூடாரத்துக்குள் நாற்பது பேர்,
நாசி லெமாக் மணம், ஈரச் சப்பாத்து.
வேறொன்றும் தோன்றாமல் காகிதம் கொடுத்தேன்.
யாரிடமும் கேட்காத ஒரு கேள்வி.
பேர் போட வேண்டாம்.

போனஸ் எப்போது, போனஸ் எப்போது,
கேண்டீன் மீனுக்கு வயசென்ன,
போனஸ் எப்போது.
கோர் மேனேஜர் இருமினார்.
அடுத்தது மலாயில், பொடி எழுத்தில்:
"பதினாலாம் மெஷின் நாற்காலியை
இவ்வளவு உயரத்தில் விட்டுப் போவது யார்?
ஏழு மணிக்கு வந்து உட்கார்ந்தால்
என் கால் தரையைத் தொடுவதில்லை."

நான் வாசித்து முடிக்குமுன்
இரவிலிருந்து எழுந்தாள் தவமலர்.
எழுந்துகொண்டே இருந்தாள், அவ்வளவு உயரம்.
காகிதத்தை வாங்கிப் பார்த்தாள்.
"குறுக்கே கோடு போட்ட ஏழு," என்றாள்.
"சத்தம் வந்தா இடப்பக்கம் தட்டுன்னு
லாக் புக்கில எழுதினது நீங்கதானா?"

பூன் கியாட் கையைத் தூக்கினார்.
தூக்கியும் அவள் தோள் வரைதான்.

ஒரு பஸ் வெளியேறிய பிறகே
இன்னொரு பஸ் உள்ளே நுழையும்.
மூன்று வருஷம் ஒரே மெஷின்,
ஒரே டிராயர், ஒரே பேனா.
முகம் மட்டும் இன்றைக்கு.

"டிராயர்ல இஞ்சி மிட்டாய் வைக்கிறது நீதானே?"
"ஐயோ, நீங்க வைக்கிறதா நினைச்சேன்!"
இருவரும் திரும்பினார்கள்.
கூடாரத்தின் மூலையில் ரோஸ்னா அக்கா
முட்டியை மும்முரமாகத் தடவிக்கொண்டிருந்தார்.

அப்புறம் யாரும் என்னைக் கேட்கவில்லை.
ஒன்பதாம் மெஷினில் சூயிங்கம் ஒட்டியது யார்,
ஃபேனைத் திருப்பி வைப்பது யார்,
சண்டை, சிரிப்பு, மறுபடி சண்டை.
விசிலைப் பைக்குள் போட்டேன்.

இரண்டேமுக்காலுக்கு
எட்டுப் பேர், இரு ஷிஃப்டும் கலந்து,
மேனேஜர் முன் போய் நின்றார்கள்.
நாற்காலிக்குக் கால்பலகை,
கூட ஒரு ஃபேன்,
கைமாறும்போது பத்து நிமிஷம், சம்பளத்தோடு.
கோர் என்னைப் பார்த்த பார்வை!
ஒற்றுமை வந்தால் முதலில்
யார் வாசலுக்கு வரும் என்று
அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.
"அடுத்த வருஷம் போலிங் போகலாம்," என்றார்.

துணிகளை எண்ணினேன். முப்பத்தொன்பது.
இன்னொரு முறை எண்ணினேன்.
பஸ் திரும்பும்போது தெரிந்தது,
ஜன்னலோரம் ஒருத்தி
கட்டிய கண்ணோடே தூங்கிப்போயிருந்தாள்.
அவள் தலைக்கும் கண்ணாடிக்கும் நடுவே
யாரோ தன் பையைச் செருகியிருந்தார்கள்.