மூன்று இரவு

சாபு முதலில் வைரம்தான் காட்டினார்.
கறுப்பு வெல்வெட்டில் பதினொன்று,
ஒவ்வொன்றின் தலைக்கு மேலும் ஒரு விளக்கு.
"இதில் குறையே இல்லை மேடம்."
குறையே இல்லாததை
எங்கள் அறையில் எங்கே கொண்டு வைப்பேன்?

ஷார்ஜா, இண்டஸ்ட்ரியல் ஏரியா பத்து.
பெயின்ட் கம்பெனியில் நிறம் பொருத்துவது என் வேலை.
வெள்ளையே இருபத்தாறு விதம் கலக்குகிறேன்:
வில்லாவுக்கு ஒன்று, ஆஸ்பத்திரிக்கு ஒன்று,
லேபர் கேம்ப் சுவர்களுக்கு
லாரி லாரியாக ஒன்று.
வெள்ளையைச் சம்பளத்துக்குப் பார்ப்பவள்
கல்யாணத்துக்கும் அதையா கட்டிக்கொள்வேன்?

அடுத்த தட்டைக் கேட்டேன்.
பச்சை, தேன், பழுத்த மாதுளை,
நடுவில் அது.
டின்னில் முதல் சொட்டு நீலம் விழுந்து
இன்னும் கரையத் தொடங்காத நொடி
அப்படியே கல்லாகிவிட்டதுபோல.
என் ஷேட் கார்டில் அதற்கு எண் இல்லை.
உள்ளே, ஓரமாக,
பட்டு நூல் பிரிந்ததுபோல் ஒரு கீற்று.
சாபு அதை விரலால் மறைத்தார்.
நான் விரலை எடுக்கச் சொன்னேன்.

ராஸ் அல் கைமா சிமென்ட் ஆலையிலிருந்து
கார்மேகம் போனில் சொன்னான்:
"உன் கழுத்து. நீ பாரு."
அவன் பேசுவதே அவ்வளவுதான்,
அதுவும் பின்னால் மெஷின் இரைச்சலோடு.
அவன் அம்மா அதோடு விடவில்லை.
"வைரம்னா ஊர் பேசும், நீலம்னா ஊர் ஏசும்.
சனியோட கல்லும்மா அது.
அவனைப்போலக் கொடுப்பாரும் இல்ல, கெடுப்பாரும் இல்ல.
ஆசையா இருந்தா
மூணு ராத்திரி தலகாணிக்கு அடியில வச்சுப் பாரு.
ஒண்ணும் ஆகலேன்னா எடு."

முன்பணம் வாங்கி, எமிரேட்ஸ் ஐடியை நகலெடுத்து,
"எங்க திருச்சூரிலும் இப்படித்தான்" என்றார் சாபு,
சிரிக்காமல்.
நீல ஓடு பதித்த அந்தச் சந்தையைவிட்டு
நீலத்தை மடியில் வைத்துக்கொண்டு
டாக்சியில் வந்தேன்.

முதல் இரவு ஏசி நின்றது.
ஆகஸ்ட் மாதம், அபு ஷகாரா, ஆறாவது மாடி.
ஈரத் துண்டை நெற்றியில் போட்டபடி
பிலோமினா என் தலையணையையே பார்த்தாள்.
"எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது.
இருந்தாலும் அதை பால்கனியில வையேன்."

இரண்டாம் இரவு கனவு:
ஆயிரம் டின் வெள்ளை திரும்பி வருகிறது,
எந்த வெள்ளை என்று எவருக்கும் தெரியவில்லை.
காலையில் மேனேஜரின் மெசேஜ்.
நாற்பது டின். நிஜமாகவே.

மூன்றாம் இரவு நான் தூங்கவில்லை.
கல்லை ஜன்னல் கட்டையில் வைத்தேன்.
தெருவிளக்கின் மஞ்சளில்
என் நீலத்தைக் காணோம்.
மைக்கட்டி. ஷட்டர் இறக்கிய கடை.
இதற்கா எட்டு மாதச் சேமிப்பு என்று
வயிறு கலங்கியது.

ஒரே விளக்கில் பார்த்து
நிறத்துக்குக் கையெழுத்துப் போடாதே:
புதிதாகச் சேரும் பையன்களுக்கு
முதல் நாள் நான் சொல்வது.
உட்கார்ந்திருந்தேன்.
பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள்,
எதிர்க் கட்டடச் சாரத்தில்
முதல் ஷிப்டு ஆட்கள் ஏறினார்கள்.
அவர்கள் ஏற ஏற
கல்லும் எங்கிருந்தோ திரும்பி வந்துகொண்டிருந்தது,
முதலில் சாம்பல், பிறகு கத்தரிப்பூ,
பிறகு அதுவே.
அதற்கு நான் எதுவும் செய்யவில்லை.

எட்டு மணிக்கு மெக்கானிக் வந்தான்.
கம்ப்ரசருக்கு வயது பதினெட்டாம்.
ஒன்பது மணிக்கு அத்தை வந்தாள், வீடியோவில்.
"ஏதாச்சும் ஆச்சா?"
"ஏசி நின்னுச்சு. நாப்பது டின் திரும்பி வந்துச்சு."
அவள் மூக்குத்தியைத் திருகிக்கொண்டே இருந்தாள்.
ஏழு கல், எல்லாம் வைரம்.
"இதைப் போட்ட வருஷந்தான்
மாமா லாரி பாலத்துல..."
முடிக்கவில்லை.
கல்லைக் காட்டச் சொன்னாள்.
கேமராவில் அது ஏதோ ஒரு நீலமாகத் தெரிந்தது.
வெகுநேரம் பார்த்தாள்.

"தோடும் அதுலேயே எடு.
நிறம் ஒட்டணும், பாத்துக்க."

பார்த்துக்கொள்கிறேன், அத்தை.