நுரைக்கல்

மெனெங்காய் எரிமலை
கடைசியாக எப்போது கக்கியது என்று
எனக்குத் தெரியாது.
என் வாய்க்குள் அது நுழைந்த ஆண்டு தெரியும்.
எனக்கு மூன்று வயது. மழை பொய்த்திருந்தது.
பள்ளிக்கூடத்துக்குப் பின்னால்
ஆழ்துளைக் கிணறு போட்டார்கள்.
தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது.
கைதட்டிக் குடித்தோம்.

பால்பல் விழுந்து முளைத்தவை
பழுப்பாகவே முளைத்தன,
ஈறுக்குள் இருந்தபோதே
யாரோ தேநீர் கொடுத்ததுபோல.
குறுக்கே சுண்ணாம்புக் கோடு, அங்கங்கே பொடிக்குழி.
வகுப்பில் நாற்பது பேர்.
நாற்பது பேருக்கும் அதே பல்.
அதனால் அது ஒரு நிறமாகவே தெரியவில்லை.

நைரோபியில்தான் தெரிந்தது.
மட்டாட்டுவில் மீதிச் சில்லறை கேட்க வாய் திறந்தால்
"நகுருவா?" என்பான் நடத்துநர்.
வங்கி மேலாளர் கண்ணியமானவர்.
"வமைதா, கவுண்டரில் இருப்பவர்கள்
கொஞ்சம் சிரித்தால் நல்லது."
நான் உதட்டால் சிரித்தேன்.
கல்யாணப் படத்திலும் உதட்டால்தான்.

கரி, எலுமிச்சை, சமையல் சோடா.
தேய்த்த தேய்ப்பில் ஈறுதான் வெளுத்தது.

"மேலே படிந்த கறை இல்லை இது.
பல் உருவாகும்போதே உள்ளே கலந்தது"
என்றார் டாக்டர் ஒதேரா.
சாவிக்கொத்துபோல ஒன்றை எடுத்தார்,
பதினாறு பொய்ப்பற்கள், பதினாறு வெள்ளைகள்.
ஒவ்வொன்றாக என் பல்லோரம் வைத்து,
நூல்கண்டுக்கு நிறம் பார்ப்பதுபோலத் தலை சாய்த்துப் பார்த்து,
கொத்தை மேசைமேல் வைத்துவிட்டார்.
என் நிறம் அதில் இல்லை.

பச்சை ரப்பர் திரை.
அதன் துளைகள் வழியே
ஆறு பற்கள் மட்டும் வெளியே எட்டிப்பார்க்க,
மீதி நான் உள்ளே.
சாம்பல்நிறப் பசையை வைத்துச் சுழற்றினார்.
"எள்ள ழுழ்க்கு இழில?" என்றேன்.
அந்த மொழி அவருக்குப் பழக்கம்.
"கொஞ்சம் அமிலம். மிச்சம் நுரைக்கல் பொடி.
எரிமலைக் கல்."

சிரித்துவிட்டேன்.
எச்சில் குழாய் துள்ளித் தரையில் விழுந்தது.
ஊற்றிக் கொடுத்தவனையே
துடைக்கவும் அனுப்பியிருக்கிறார்கள்,
அதுவும் என் ஆறு மாதச் சேமிப்பில்.

எடுத்தது ஒரு தலைமுடியின் பருமன்தானாம்.
பிறகு பதினான்கு இரவுகள்
ஜெல் தடவிய அச்சை மாட்டிக்கொண்டு தூக்கம்.
விடியற்காலையில் பல்லின் நடுத்தண்டில்
மின்னல் ஒன்று ஓடித் திரும்பும்.
பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்கவும் வழியில்லை,
அச்சு உடைந்துவிடும்.
உகாலி, முட்டையின் வெள்ளை, பால்.
வெளுத்ததெல்லாம் சாப்பாடு.
கெரிச்சோத் தேநீரை என் கணவர்
மாடிப்படியில் உட்கார்ந்து திருட்டுத்தனமாகக் குடித்தார்.

இடது முன்பல்லில் ஒரு மேகத்துண்டு போகவில்லை.
போகட்டும்.
மின்தூக்கிக் கண்ணாடியில், யாருமில்லாதபோது,
பதினொரு மாடிக்கும் சிரித்துக்கொண்டே ஏறினேன்.
நடத்துநர் எதுவும் கேட்பதில்லை.

போன வாரம் பக்கத்து இருக்கையில் ஒருத்தி
வழி கேட்டாள், வாயைக் கையால் மூடிக்கொண்டு.
அந்தக் கையை எனக்குத் தெரியும்.
"நானும் அந்தப் பக்கம்தான்" என்றேன்.
என் பல்லைப் பார்த்தாள்.
கையை எடுக்கவில்லை.

இப்போது குடியிருப்பது ரோங்காயில்.
தண்ணீர் லாரியில் வருகிறது.
எந்தக் கிணறு என்று ஓட்டுநரிடம் கேட்டேன்.
"நல்ல தண்ணி மேடம், கண்ணாடி மாதிரி"
என்று ரசீதைக் கிழித்துக் கொடுத்தான்.

ருகுருவுக்கு ஆறு வயது.
கீழ்வரிசையில் ஒன்று ஆடுகிறது, தொட விடமாட்டாள்.
இரவில், வாய் பிளந்து அவள் தூங்கும்போது,
கைபேசி விளக்கைக் குனிந்து பிடிக்கிறேன்.
ஆடும் பல்லுக்குப் பின்னால்
ஊசிமுனை அளவு ஏதோ தெரிகிறது.
என்ன நிறம் என்று சொல்ல முடியவில்லை.
இந்த வெளிச்சத்தில்
எல்லாமே பால்.