பதினான்காவது மூட்டை

விடிகாலை இரண்டு மணிக்குக்
கெட்டில் ஆறு கோலக்கெட்டிலுக்குள் நுழைந்தது.
முதலில் சந்தை,
பிறகு முடிதிருத்தும் கடையின் சுழல் நாற்காலி,
பிறகு மில்லின் எடைமேடை.
நாற்பது டன் செம்பனைக் குலையை நிறுத்த இரும்பு
தன் எடையைச் சொல்லாமலே மூழ்கியது.

தமிழ்ப்பள்ளி மாடிக்கு ஏறினோம்
இருநூற்று ஆறு பேர்,
நான்கு ஆடு, ஒரு தையல் இயந்திரம்,
தொழுகைப் பாயைத் தலைக்கு மேல் பிடித்தபடி ஹஷிம்,
கல்லாப்பெட்டியைக் குழந்தைபோல் அணைத்தபடி
மளிகைக்கடை லிம்மின் மனைவி.

முதல் நாள் யாரும் எதையும் எண்ணவில்லை.
இருந்த பிஸ்கட்டை இருந்த கைகள் தின்றன.
ஆதிப் பொதுவுடைமை என்பார்களே,
அது மொத்தமாகவே ஒரு நாள்தான்
இருந்திருக்கும் போல.

இரண்டாம் நாள் படகில் அரிசி வந்தது,
பதினான்கு மூட்டை.
அரிசிக்கு ஒரு அறை வேண்டியிருந்தது.
அறைக்குக் கதவு, கதவுக்குப் பூட்டு,
பூட்டுக்குச் சாவி, சாவிக்கு ஓர் இடுப்பு.
தீர்த்தமலையின் இடுப்பில் அது ஏறியது.
ஒரு காலத்தில் மண்டோர்;
தகரக் கூரையில் மழை விழுவது மாதிரிக் குரல்.
சாயங்காலத்துக்குள் அவர் வந்தால்
உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்தார்கள்.
எழச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

கணக்குக்கு என்னைக் கூப்பிட்டார்கள்.
லாரி நுழைந்த எடை, லாரி திரும்பிய எடை,
நடுவில் மிஞ்சுவதுதான் உலகம் என்று
பதினெட்டு வருஷமாக எழுதுகிறவள்.
தாள் இல்லை.
யஷ்வினியின் பள்ளிப்பையில்
படிவம் ஒன்று வரலாற்றுப் பயிற்சிநூல்
பாதி நனைந்திருந்தது. ஒரு பக்கத்தில், மலாயில்:
ஆற்றங்கரையில் நாகரிகம் தோன்றக் காரணம் என்ன?
கீழே வெறும் கோடுகள்.
கோடுகளில் எழுதினேன்:
அமலோற்பவம் வீடு, ஆறு பேர், மூன்று கிலோ.
ஹஷிம், நாலு பேர், ரெண்டு.
லிம் வீடு, ரெண்டு பேர், ஒன்று. ஆடுகளுக்கு இல்லை.

ரஃபிகுலுக்கு என் எழுத்து தெரியாது,
எனக்கு அவனுடையது.
பேனாவை வாங்கி ஒரு மீன் வரைந்தான்.
பக்கத்தில் பதினோரு கோடு.
மீன் அவன்.
கோடுகள், கொங்சியில் அவனோடு படுத்தெழுகிறவர்கள்.

அதிகாரி வந்தார், பட்டியலைப் பார்த்தார்.
அடையாள அட்டை எண் இல்லாத பெயருக்கு
அரிசி இல்லை என்றார்.
கோபம் இல்லை அவரிடம்,
அவருக்கு மேலேயும் ஒரு பட்டியல் இருந்தது.
மீனின் வயிற்றில் ஒரு கோடு இழுத்துவிட்டுப்
படகில் ஏறினார்.

அன்றிரவு சாவி குறட்டை விட்டது.
எண் என்னிடம் இருந்தது.
நாலை அழித்து மூன்று எழுதினேன்.

காலையில் அறையைத் திறந்து
தீர்த்தமலை எண்ணினார்: பதினான்கு.
தாளைப் பார்த்தார்: பதின்மூன்று.
மறுபடி மூட்டைகளைப் பார்த்தார்.
கடைசியில்
தாளை நம்பினார்.

இல்லாத மூட்டை
பின்படிக்கட்டு வழியாக இறங்கி
மீனிடம் போய்ச் சேர்ந்தது.

"புண்ணியம்டி" என்றாள் அமலோற்பவம்.
எனக்குத் தூக்கம் வரவில்லை.
இதே பேனா, இதே சுலபத்தோடு
என் பாய்க்கு அடியிலும் ஒரு மூட்டையைத்
தள்ளியிருக்கும். யார் கேட்பார்கள்?
எந்த ஆற்றங்கரையிலோ, ஈரம் காயாத ஒரு களிமண் ஓட்டில்
எவனோ ஒருவன்
வாற்கோதுமைக் கூடையில் ஒன்றைக் குறைத்திருப்பான்.
யாருக்காக என்பதை ஓடு சொல்லாது.
ஓடு கூட்டல் மட்டும்தான் சொல்லும்.

ஆறாம் நாள் தண்ணீர் வடிந்தது.
சந்தைக்குள் நான்கு விரல் வண்டல்,
வெண்ணெய் மாதிரி.
அதைக் கூட்டித் தள்ளுவதா என்று
ஊர் யோசிப்பதற்குள்
ஹஷிமின் மனைவி கங்கோங் தண்டை ஊன்றிவிட்டாள்.
உடனே ஒருவன் கயிறு கட்டினான்,
இதுவரை என் கடை வாசல் என்று.

யஷ்வினி பயிற்சிநூலைத் திருப்பிக் கேட்டாள்.
கேள்வியைப் படித்தாள்.
கீழே கிலோக்கணக்கு, அழித்தெழுதிய ஓர் எண்,
வயிறு கிழிந்த ஒரு மீன்.
"இதுக்கு சீகு மார்க் குடுப்பாங்களா?"

தெரியலம்மா என்றேன்.
எடைமேடையில் முதல் லாரி
ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.