மூணாவதுங்ணா

பெரியாஸ்பத்திரி லிப்டுக்குள் ஒரு முக்காலி, ஒரு விசிறி.
விசிறி சுற்றாது.
பதினெட்டு வருசமாக நான் போய்ச் சேர்ந்த தூரம்
ஐந்து மாடி.

கீழே அவசரப் பிரிவு.
பாம்பு கடித்தவர்கள் பாம்போடு வருவார்கள்,
துணிப்பையில் சுருட்டி, செத்ததா என்றுகூடப் பார்க்காமல்.
சாணிப்பவுடர் குடித்தவர்கள்
உதடு மஞ்சளாக, மடி மஞ்சளாக வருவார்கள்.
"வாசல் தெளிக்கத்தானுங்க வாங்குனோம்" என்பார்கள்
கூட வந்தவர்கள்,
யாரும் கேட்காமலே.

முதல் மாடி நெஞ்சு.
மில்லெல்லாம் ஓடிய காலத்தில்
அந்த வார்டு முழுக்கப் பஞ்சு இருமிக்கொண்டிருந்ததாம்.
மில் சங்கு ஊதினால் நர்சுகள் ஷிப்டு மாறுவார்களாம்,
ஆஸ்பத்திரிக்கென்று தனி மணி கிடையாதாம்.
எனக்கு முன்னால் இந்த முக்காலியில் இருந்த
ஆறுக்குட்டி சொன்னது.
இன்று மில் இருந்த இடத்தில் ஜவுளிக்கடை, சினிமா.
இருமல் மட்டும் ரிட்டையர் ஆகவில்லை.
திங்கட்கிழமை ஓ.பி. சீட்டோடு வரிசையில் நிற்கிறது.

அதற்கும் முன்னால், பிளேக் வருசத்தில்,
இங்கே நாலு ஓலைக்கொட்டகை.
லிப்டுக்குழி தோண்டும்போது தெரிந்ததாம்:
சாம்பல், சுண்ணாம்பு, கைப்பிடி உடைந்த பீங்கான் குவளை.
குவளை காலேஜ் மியூசியத்தில் இருக்கிறது.
குழியில் நான் இருக்கிறேன்.

இரண்டாவதில் சிறுநீரகம்.
வாரத்தில் மூன்று நாள் அதே முகங்கள்,
காங்கயத்திலிருந்து முதல் பஸ்ஸில்.
தண்ணீரை அளந்து குடிக்கிறவர்களிடம்
ஊரில் மழையா என்று நான் கேட்பதில்லை.

மூன்றாவதுதான் கை.
லேத்து, பவுண்டரி, கிரைண்டர் ஊர் இது.
இங்கே செய்த பம்புசெட் எந்தக் கிணற்றில் ஓடினாலும்
யாருடைய விரலோ அதில் கொஞ்சம் ஓடுகிறது.
தேவசகாயம் சார்
கண்ணுக்குப் பிடிபடாத நூலில் ரத்தக்குழாய் தைப்பார்.
சுற்றிலும் படிக்கிற பிள்ளைகள் பத்துப் பேர்,
தும்மல் வந்தால்கூட வெளியே போய்த் தும்முவார்கள்.

ஐப்பசி மழையில் ஒரு சாயங்காலம்
ஆளுக்கு முன்னால் விரல்கள் வந்தன.
நாலு.
பால் கவரில் கட்டி, கவரைச் சுற்றி
கணபதி பேக்கரிக்காரர் கொடுத்த ஐஸ்.
ஆள் கீழே எக்ஸ்ரேயில்.
தெர்மாகோல் பெட்டியைக் குழந்தைபோல் அணைத்துக்கொண்டு
ஹவுஸ் சர்ஜன் ஷம்ஷாத்:
"சீக்கிரங்ணா."

இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே கரண்ட் போனது.
ஜெனரேட்டர் பிடித்தது. லிப்ட் பிடிக்கவில்லை.

இருட்டில் நான், அவள், நாலு விரல்.
போன் வெளிச்சத்தில் மூடியைத் தூக்கிப் பார்த்தாள்.
நகத்தடியில் கிரீஸ்.
சுண்டுவிரலில் ஒரு செம்பு மோதிரம்,
கழற்ற யாருக்கும் தோன்றவில்லை.
"எத்தனை நேரம் தாங்கும்மா?"
"ஐஸ்ல இருந்தா அதுக்கு நேரமிருக்குங்ணா.
எனக்குத்தான் இல்ல."
பொட்டென்று சிரித்தாள். உடனே மூக்கை உறிஞ்சினாள்.
நான் பட்டன்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மெஷின் ரூமில் சின்னுச்சாமி
கையாலேயே சக்கரத்தைச் சுற்றினான்.
விரக்கடை விரக்கடையாக ஏறினோம்.

விடியும்வரை தைத்தார்கள்.
மூன்று பிடித்தது.
மோதிரம் கிடந்த விரல் நாலாம் நாள் கறுத்தது.

ஏழு வாரம் கழித்து வந்தான்.
பேர் திபாகர், ஒடிசாக்காரன்,
மீசை அப்போதுதான் முளைக்கிறது.
செம்பு மோதிரத்தைக் கயிற்றில் கோத்துக்
கழுத்தில் போட்டிருந்தான்.
முதலில் ஏறியது அவன் விரல்தான் என்று
நான் சொல்லவில்லை.
எத்தனாவது என்றேன், தெரிந்துகொண்டே.
"மூணாவதுங்ணா."
ஆள்காட்டி விரலால் அவனே அழுத்தினான்.
எரியவில்லை.
விரலைத் திருப்பி ஒருமுறை பார்த்துவிட்டு
மறுபடியும் அழுத்தினான், பல்லைக் கடித்துக்கொண்டு.

"அந்த லைட்டு எப்பவுமே எரியாது, தம்பி."

அதற்குள் முதல் மாடி தாண்டியிருந்தது.