ஏழரை

தொட்டி செத்துவிட்டதென்று யாரும் சொல்லவில்லை.
குமிழிகள் வழக்கம்போல,
தண்ணீர் வழக்கம்போல டீ நிறத்தில்.
சோதனைக்குழாயில் மட்டும்
நெஸ்லர் இரண்டு சொட்டு விழுந்ததும்
வெளிர்மஞ்சளில் நிற்க வேண்டியது
செங்கல் நிறத்துக்கு ஓடிற்று.
அம்மோனியா நாற்பத்தெட்டு.
லாக் புத்தகத்தில் எழுதி அடிக்கோடிட்டேன்,
பிறகு அதன் கீழே இன்னொரு கோடு.

புயலன்று முப்பது மணி நேரம் கரண்ட் இல்லை.
இருந்த டீசலை ரியாக்டர் குடித்தது.
சிப்காட்டில் கழிவுநீரின் மூச்சுக்கு
எப்போதும் கடைசி வரிசைதான்.
கரண்ட் வந்ததும் சபேசன் சார்
சேறு கூடிப்போச்சு, திறந்துவிடு என்றார்.
மூன்று நாள் திறந்தே கிடந்தது வால்வு.

கிடைத்ததைத் தின்று
மணிக்கணக்கில் பெருகுகிற கூட்டம் பிழைத்துக்கொண்டது.
அம்மோனியா தின்கிறவர்கள் அப்படியில்லை.
ஒன்று இரண்டாக ஒரு பகல், ஓர் இரவு,
மார்கழியென்றால் இன்னும் ஒரு நாள்.
பிறப்பதைவிட வேகமாக வெளியே தள்ளினால்
எந்த ஊரில்தான் சனம் மிஞ்சும்?

சோடா உப்பு மூட்டை மூட்டையாய்க் கொட்டி
பி.எச். ஏழரையில் நிறுத்தச் சொன்னேன்.
டேங்கர் ஓட்டும் பாவாடைராயன் சிரித்தான்:
"ஏழரையைக் கேட்டு வாங்குற ஆளு
நீங்க ஒருத்தர்தாம்மா."
ஏழரையில் வைத்தும் யாரும் வரவில்லை.
இல்லாத வீட்டுக்கு இலை போட்டது மாதிரி.

உறை தீர்ந்துபோனால் பக்கத்து வீட்டில் கேட்பதில்லையா?
புதுச்சேரிக்குப் போன் போட்டேன்.
லாஸ்பேட்டை நிலையத்து லூர்துநாதன்
ஒன்பதாயிரம் லிட்டர் சேறு தந்தார், ஒரு புத்திமதியோடு:
"எங்களது வீட்டுச் சாக்கடைப் பிள்ளைங்க,
உங்க சாயத்தண்ணி பழக்கமில்ல.
முதல் நாளே முழுச் சாப்பாடு போட்றாதீங்க."

ஆல்பேட்டை சோதனைச் சாவடி, இரவு பதினொன்றரை.
புதுச்சேரி பக்கமிருந்து மூடிய டேங்கர்.
கடலூரில் இதற்கு ஒரே அர்த்தம்தான்.
"என்னய்யா லோடு?"
"பாக்டீரியா சார்."
"அது எந்தக் கம்பெனி சரக்கு?"
பாவாடைராயன் என்னைப் பார்த்தான்.
நான் கடிதத்தை நீட்டினேன், அவர் வாங்கவில்லை.
ஏணியில் ஏறினார், மூடியைத் திறந்தார்.
இறங்கும்போது படிகளை எண்ணவில்லை.
மூக்கைப் பொத்திய கைக்கு மேலே
கண்கள் மட்டும் போ, போ என்றன.

பெண்ணையாற்றுப் பாலத்தில் பாவாடைராயன்
பிரேக்கே போடவில்லை.
"உள்ள குலுங்கக் கூடாதில்ல" என்றான்.
குலுங்கினால் நல்லதுதான், காற்று கலக்கும்.
சொல்லவில்லை.
யாரோ ஒருவர் அவர்களுக்காகக் கவலைப்படுவது
அன்றைக்கு எனக்கு வேண்டியிருந்தது.

கால் பங்கு, அரைப் பங்கு, முக்கால்.
கரைந்த ஆக்சிஜன் இரண்டுக்குக் கீழே இறங்காமல்
ராத்திரி இரண்டு மணிக்கும் எழுந்து பார்த்தேன்.
பதினோராம் நாள் குழாயில் இளஞ்சிவப்பு:
நைட்ரைட்.
முதல் பந்தி உட்கார்ந்துவிட்டது.
எச்சிலை எடுக்கும் இரண்டாம் பந்தியைக் காணோம்.
அழகான நிறம், மீனுக்கு ஆகாத நிறம்.
உப்பனாற்றுக்குப் போகும் வாயை அடைத்தே வைத்தேன்.
பதினேழாம் நாள்தான் சிவப்பு வெளுத்தது.
அம்மோனியா மூன்று.

சபேசன் சார் குழாயைப் பார்க்கவில்லை,
கரண்ட் பில்லைப் பார்த்தார்.
"எல்லாம் சரியாயிடுச்சே ரெஜினா,
ஒரு ப்ளோயரை நிறுத்திடலாமா?
சேறும் கொஞ்சம் கூடுதலாத் தெரியுதே."
யோசிப்போம் சார் என்றேன்.

மகனின் பழைய சைக்கிள் சங்கிலி
வால்வுச் சக்கரத்துக்குச் சரியாக இருந்தது.
சாவி என் டிபன் பையில்,
எலுமிச்சை ஊறுகாய் டப்பாவுக்கு அடியில்.
லாக் புத்தகத்தில் இப்படி எழுதியிருக்கிறேன்:
சேறு வெளியேற்றும் வால்வு
இறுகிவிட்டது. கவனிக்கவும்.