பீஸ் ரேட்

அந்த ஆடி முழுக்க
பதினோரு மணி டீக்குள் நானூறு கழுத்து அடித்தேன்.
ஓவர்லாக் எனக்குப் பின்னால் மூச்சிரைக்க வந்தது.
தனபால் சூப்பர்வைசர் லைனுக்கே கேட்கச் சொன்னார்:
"கோகிலத்தப் பாத்துப் பழகுங்க."
சனிக்கிழமைக் கவரில் எண்ணூறு கூடுதல்.
அனுப்பர்பாளையத்தில் தவணைக்கு ஒரு அண்டா எடுத்தேன்.

தூக்கம் இல்லை. ராத்திரி மூணு மணிக்குப் பரண் துடைத்தேன்.
செல்வராசுவோடு உப்புக்குக்கூடச் சண்டை.
பாவாடை இடுப்பில் நிற்காமல்
நாடாவை இறுக்கிக்கொண்டே போனேன்.
கண்ணாடியில் கண் கொஞ்சம் வெளியே வந்து
யாரென்று கேட்டது.

தையல் பாம்பாட்ட ஓடிய அன்று
தனபாலே ஆட்டோ பிடித்தார்.
டாக்டரம்மா என் விரல்மேல் ஒரு தாளை வைத்தார்;
தாள் நடுங்கியது.
பின்னால் வந்து கழுத்தைத் தொட்டு
"முழுங்குங்க" என்றார்.
லட்சம் கழுத்துக்குப் பட்டி வைத்தவள்
என்னுடையதை அன்றுதான் நினைத்தேன்.

டி.எஸ்.எச். பூஜ்யம் புள்ளி பூஜ்யம் ஒன்று.
கார்பிமசோல்.
"தொண்ட வலி, காய்ச்சல்னா மாத்திரைய நிறுத்திப்போட்டு
அன்னைக்கே ரத்தம் குடுக்க வரோணும்.
நாளைக்குப் பாத்துக்கலாம்னு இருக்கப்படாது."

தை பிறந்தபோது நான் நனைந்த பஞ்சுமூட்டை.
பஸ் படியில் கால் யோசித்தது.
மாசி வெயிலில் ஸ்வெட்டர் போட்டேன்,
எக்ஸ்போர்ட் ரிஜெக்ட், ஒரு கை நீளம்.
இப்போது முப்பத்தெட்டு.

அப்படி வந்தது இரண்டாவது டப்பா, தைராக்சின்.
முதலாவதும் தொடரவேண்டுமாம்.
"ஏனுங்க, ஒண்ணு சுரக்காதேங்குது,
இன்னொண்ணு அதையே கொண்டாந்து ஊத்துதுங்களா?"
"உங்க வீதியில போர்த்தண்ணி என்ன நிறம்?"
"சாயம் ஓடற நிறமுங்க."
"அதை மூடிப்போட்டு லாரித் தண்ணி வாங்கறீங்கல்ல?"

அஞ்சரைக்கு வெறும் வயிற்றில் ஒன்று.
டீக்கு இன்னும் அரைமணி.
எனக்கென்று யாரும் இதுவரை தராத அரைமணி;
அடுப்பைப் பற்றவைக்காமல் அதன் முன்னால் உட்கார்ந்திருப்பேன்.

வைகாசியில் இரண்டு புள்ளி நாலு.
செல்வராசு ரிப்போர்ட்டை டிவி மேல் வைத்தான்,
பிறகு, குழம்பில் உப்பு இல்லை என்று
துணிந்து சொன்னான்.

இன்று டீ மணியடிக்கையில் இருநூற்று எழுபது.
"என்ன கோகிலம், பழைய ஸ்பீடு எங்க?"
பழைய ஸ்பீடுங்களா?
அது நானில்லீங்க.
அவள் எடுத்த அண்டாவுக்கு
இன்னும் ரெண்டு தவணை பாக்கி,
நான்தான் கட்டுகிறேன்.