மூன்று விரல்

டெண்டுக் கொட்டகையில் எனக்கு ஒரு முக்காலி, ஒரு தகரக் குழாய்.
திரையில் வாய் அசைந்ததும்
முதலில் தெலுங்கில் சொல்வேன், அப்புறம் தமிழில்.
புத்தூரில் அப்படித்தான்.
ஒரே சிரிப்பு இரண்டு தவணையில் வரும்.

மாஸ்டர் சகாய் என்று போடுவார்கள் அட்டையில்.
கோட்டைமேலிருந்து குதிப்பார்,
ஓடுகிற குதிரையின் வயிற்றில் தொங்குவார்,
ஏழாம் சுருளில் மார்பில் அம்பு வாங்கிச் சாவார்.
அந்தச் சாவுக்கு நான் எழுதி வைத்திருந்தது:
"தாயே, உன் மண்ணை முத்தமிட்டேன், விடைகொடு!"
கூட்ஸ் வண்டி கலாசிகள்கூட மூக்கைச் சிந்துவார்கள்.
ஒருத்தி மட்டும் சிரிப்பாள்.

பங்காரம்மா.
எலும்புக் கட்டுக்காரர் வீட்டில் தழை அரைப்பவள்,
முட்டை உடைத்து வெள்ளையைத் தனியே வடிப்பவள்.
பிறவியிலேயே காது கேளாது.
அந்தப் பெட்டி எப்போது வந்தாலும் தரை டிக்கெட் வாங்கி
சரியாக அந்த இடத்தில் குலுங்குவாள்.
ஒருநாள் குழாயை அவள் பக்கம் திருப்பிக் கத்தினேன்.
யாரிடம் கத்துகிறேன் என்று பிறகுதான் உறைத்தது.

மாசியில், மெட்ராஸ் பாசஞ்சரிலிருந்து
ஒரு ஆளைக் கதவுப் பலகையில் வைத்து இறக்கினார்கள்.
முழங்காலுக்குக் கீழே கால் வேறு திசை பார்த்தது.
நிஜப்பெயர் ஆபத்சகாயம், சிந்தாதிரிப்பேட்டை.
குதித்த இடத்தில் வைக்கோல் போட மறந்துவிட்டார்களாம்.
கம்பெனி கொடுத்தது ரயில் கட்டணம்,
ஒரு வழிக்கு.

கட்டுக்காரர் பிடித்து இழுத்தபோது
தெரு முழுக்கக் கேட்டது அவர் குரல்.
இரண்டு வருஷமாக நான் அவருக்குப் போட்டுவந்த குரல்
இதைவிடக் கனம்.

பீடி கொடுக்கப் போன ஒரு சாயங்காலம்
பங்காரம்மா அம்மியை விட்டு எழுந்தாள்.
அம்பு பாய்ந்ததுபோல் சாய்ந்தாள், கண்ணைச் செருகினாள்,
உதட்டை அசைத்தாள், மூன்று விரல் காட்டி
கட்டைவிரலால் காசு சுண்டினாள்.
அவர் வெளுத்துப்போனார்.
"ஆமாய்யா, அதைத்தான் சொன்னேன்.
மூணு மாசச் சம்பளம்டா, படுபாவி, மூணு மாசம்.
கேமராவுக்குப் பின்னால் முதலாளி நின்றிருந்தான்.
என்ன உருக்கம் என்று கைதட்டினான்."

பெட்டி மறுபடி வந்தபோது, ஏழாம் சுருளில்,
குழாயை மடியில் கவிழ்த்துக்கொண்டேன்.
பின்பெஞ்சில் விசில், மண்ணாங்கட்டி.
நானும் அவளும் மட்டும் சிரித்தோம்.

கட்டு அவிழ்க்க ஒன்பது நாள் இருக்கையில்
ரேணிகுண்டாவுக்குப் பேசும்படம் வந்துவிட்டது.
என் முக்காலியில் டீக்காரன் பாய்லரை வைத்தான்.

கால் கூடியது, அரை அங்குலம் குறைவாக.
அவர் இங்கேயே தங்கியிருந்தால் சொல்ல நன்றாயிருக்கும்.
போய்விட்டார்.
மைக்குக்கு முன் நடந்துவரச் சொன்னார்களாம்.
நடையைப் பார்த்தார்கள், குரலைக் கேட்கவேயில்லை.

எட்டு மாதம் கழித்து ஒரு கார்டு:
"தர்பார் சீன். மூன்றாம் வரிசை, இடது ஓரம்.
எல்லோரும் ஜே போடும்போது நான் வாய் மட்டும் அசைக்கிறேன்.
அவளைக் கூட்டிப்போய்க் காட்டு."

போனோம்.
ஜே என்று கொட்டகை அதிர்ந்தது.
ஓரத்தில் தலைப்பாகைக்குக் கீழே ஒரு வாய்
எல்லோரும் முடித்த பிறகும் அசைந்துகொண்டிருந்தது.

என்ன சொன்னார் என்று கையால் கேட்டேன்.
சிரிக்கவில்லை.
விரல்களை முந்தானைக்குள் மடித்துக்கொண்டாள்.
திரும்பும் ரயிலில்
ஜன்னலுக்கு வெளியே நகரி மூக்கு இருட்டில் வரும்வரை
அவள் உதடு மட்டும், லேசாக,
எதையோ திரும்பச் சொல்லிப் பார்த்தது.
எனக்கு அந்தப் பாஷை தெரியாது.